ரூபி உட்கார்ந்த தரை

“அது நாயா, இல்ல பொண்ணு பாக்க வந்த மாப்ளயா? கூப்டாதான் உள்ள வருவேன்னு வாசப்படியிலயே நிக்குது.”

“கூப்டுக்கினுதான் இருக்கேன் அத்தே. வரமாட்டேன்றா.”

“ஈரல காட்டு.”

“காட்டிட்டேன்.”

“நீ காட்ன லட்சணம். தூரத்துல உக்காந்துக்கினு காட்னா அதுக்கு இன்னா தெரியும்? மூக்காண்ட எட்த்துக்கினு போ.”

“மூக்காண்ட வெச்சா கழுத்த மட்டும் நீட்டி துண்ணுட்டு திரும்ப அங்கயே நிக்கிறா. காலு உள்ள வந்தாதான?”

“அப்ப லோகுக்கு போன் போடு. ஞாயித்துக்கெழம வரவன் இன்னிக்கே வந்து இட்டுக்கினு போவட்டும். பெத்தவ நானே வாய மூடிக்கினு கீறேன். எம்புள்ள சொன்னப்பறம் நீ இன்னா நடுவுல?”

“சனிக்கெழம இன்னும் வரலல்ல?” என்றாள் ஸ்நேகா.

கையிலிருந்த மாட்டு ஈரல் துண்டைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கூடத்தின் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டாள். மாமியார் விக்டோரியா சுவரோரம் கால் நீட்டிப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வாசற்படிக்கு வெளியே ரூபி நின்றது. கறுப்பு லாப்ரடார். முன்னங்கால் ஒன்றைத் தூக்கிப் படியைத் தாண்டி நீட்டி, டைல்ஸில் படுவதற்கு ஒரு விரற்கடை முன்பாக நிறுத்தித் திரும்ப இழுத்துக்கொண்டது. ஆழம் தெரியாத தண்ணீரின் கரையில் நிற்பவர்களைப் போல இருந்தது அது செய்தது.

டைல்ஸ் போன கோடையில் போட்டது. ஸ்நேகாவின் கணவன் பென்னி தோஹாவிலிருந்து அனுப்பிய பணத்தில். அதற்கு முன்பு சிமெண்ட் தரை. அங்கங்கே பெயர்ந்து, மழைக்காலத்தில் ஈரம் கசியும். அந்தத் தரையின் நட்டநடுவில்தான் ரூபி படுக்கும். டைல்ஸ் வந்ததும் வீட்டில் வெளிச்சம் இரண்டு மடங்கானது. டியூப்லைட் மேலே ஒன்று எரிந்தால் கீழே ஒன்று எரிந்தது. வீடியோவில் கூப்பிட்ட பென்னி, “முகத்த அப்பால காட்டு, மொதல்ல தரைய காட்டு” என்றான். போனை ஸ்நேகா கீழே சாய்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தரைக்குள் தலைகீழாகத் தெரிந்த அவளைப் பார்த்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்றைக்கே ரூபி ஓடிவந்து வழுக்கியது. முன்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் போயின. தாடை தரையில் மோதியது. அதிலிருந்து அது வெளியே கொட்டகையில் படுத்தது. விக்டோரியாவும் கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் கோணிச் சாக்கு விரித்துக்கொண்டாள். “நாயி பரவால்ல, நாலு காலு. எனக்கு ரெண்டு காலுதான்” என்றாள்.

வீட்டில் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, புது கோடவுன் வரும் வரைக்கும்.

ரூபியின் வேலை மோப்பம் பிடிப்பது. லாரியில் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே அது நடந்துபோகும். வெடிமருந்து வாசனை வந்தால் குரைக்கக் கூடாது, பிறாண்டக் கூடாது. அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார வேண்டும். ஆள் வந்து பார்த்து முடிக்கும் வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தால்தான் சொன்னதாக அர்த்தம். எழுந்துவிட்டால் சொல்லவில்லை என்றுதான் கணக்கு.

குட்டியாக வாங்கிப் பழக்கியது பென்னி. செக்யூரிட்டி ஏஜென்சிக்கு அவன் வேலையாள், ரூபி அவனுடைய சொந்த நாய். மோப்ப நாய்களைப் பழக்கும் வேலைக்கு அவன் தோஹா போனபோது, அதே ஏஜென்சியில் கேட்டில் பெண்களைச் சோதித்து அனுப்பும் வேலையிலிருந்த ஸ்நேகா கயிற்றை வாங்கிக்கொண்டாள். அவர்கள் இருவரும் பழகியதும் அந்த கேட்டில்தான். அதனால் இன்றைக்கும் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். “புருசன் பேர அட்டெண்டன்ஸ் எடுக்கறா மாதிரி கூப்புடறா” என்று விக்டோரியா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பழைய கோடவுனில் சொரசொரப்பான சிமெண்ட் தரை. அந்தக் கோடவுனை மூடிவிட்டார்கள். ஏஜென்சிக்கு இப்போது கிடைத்திருக்கும் புது இடம், சிப்காட்டின் பின்பக்கம், நெல் வயல் முடிந்து மதில் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. உள்ளே போனால் தரையெல்லாம் எபாக்ஸி. சிமெண்டின் மேல் பாகுபோல ஊற்றி இறுகவிட்ட சாம்பல் நிறப் பூச்சு. கூரையின் விளக்குகள் அதில் வரிசையாக மிதந்தன. படங்களில் மட்டுமே பார்த்திருந்த உறைந்துபோன ஏரி ஒன்றின் ஞாபகம் ஸ்நேகாவுக்கு வந்தது. சோதனைக்காக வெடிமருந்து டின்னை ஒளித்துவைத்த பெட்டியை முதல் நாளே ரூபி சரியாகக் கண்டுபிடித்தது. உட்கார்ந்தது. பின்னங்கால்கள் மெதுவாக, ஒரு நாற்காலியின் கால்கள் விரிவதுபோல விலகின. பயந்து எழுந்துகொண்டது. மறுபடி உட்கார்ந்தது, மறுபடி எழுந்தது.

ஏஜென்சியின் பீல்டு ஆபீசர் குணா தலையைச் சொறிந்தான். “சனிக்கெழம கோடவுன்காரங்க சேஃப்டி ஆபீசர் வராரு. அவரு எதிர்ல ஒக்காரணும். இல்லன்னா வேற நாயிதான் ஸ்நேகா. நா ஒண்ணியும் பண்ண முடியாது.”

இதை அவள் பென்னியிடம் சொன்னாள். அவன், “லோகு கேட்டுக்கினே கீறான்” என்றான். லோகு வேப்பம்பட்டில் நாய் வளர்த்துக் குட்டி விற்பவன். அங்கே புதிது புதிதாக எழும்பும் பிளாட்டுகளில் எல்லோருக்கும் லாப்ரடார் குட்டி வேண்டியிருந்தது.

“குட்டி போட வெக்கறதுக்கா?”

“நல்லாதான் பாத்துப்பான். வேலையும் இல்லாம நீ எப்டி தீனி போடுவ?”

“நாலு நாயி, ஒரு வேனு, சொந்தமா ஸ்குவாடுன்னு சொன்னியே பென்னி. அதுல ரூபிதான லீடருன்ன.”

“அது அப்ப சொன்னது.”

“இப்ப?”

“இப்ப அத இன்னாத்துக்கு கெளப்பற? ஞாயித்துக்கெழம லோகு வருவான். சனிக்கெழம அவ ஒக்காந்துட்டான்னா சரி, வெச்சிக்கோ. நா ஒண்ணியும் கேக்க மாட்டேன்.”

நாய் போனால் போகட்டும் என்பதுபோல அவன் சொன்ன விதம்தான் ஸ்நேகாவை யோசிக்க வைத்தது. டிசம்பரில் அவன் காண்ட்ராக்ட் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவான் என்று விக்டோரியா இப்போதே காகித நட்சத்திரம் வாங்கி வைத்திருக்கிறாள். வருகிறவன் எதற்காகத் தன் நாயை விற்கச் சொல்ல வேண்டும்? ரூபி இருந்தால் அவன் திரும்பிவந்து செய்ய இங்கே ஒரு வேலை இருக்கிறது. ரூபி இல்லையென்றால் இங்கே அவனுக்கு என்ன இருக்கிறது? டைல்ஸ் போட்ட ஒரு வீடு. அதைத்தான் அவன் போனிலேயே பார்த்துவிட்டானே.

ஈரலுக்கும் ரூபி படி தாண்டாத அன்று சாயங்காலம் ஸ்நேகா வழக்கம்போலக் கொட்டகையில் உட்கார்ந்து ரூபியின் கால்களை மடியில் எடுத்துக்கொண்டாள். தேங்காயெண்ணெயில் கொஞ்சம் மஞ்சள் குழைத்து, பாதத்தின் ஒவ்வொரு கறுப்பு மெத்தையிலும் தேய்த்து, விரல் இடுக்குகளில் ஊறவிட்டாள். இது பென்னியின் பழக்கம். தார் ரோட்டிலும் வெயில் காயும் சிமெண்டிலும் நடந்து வெடித்த பாதங்களுக்கு அவன் தினமும் இதைச் செய்வான். விமானம் ஏறும் நாளில் அவன் சொல்லிவிட்டுப் போனது இது ஒன்றைத்தான். அதிலிருந்து அவள் ஒரு நாளும் விட்டதில்லை. போன் வந்ததும் அவனுடைய முதல் கேள்வியும் அதுதான்.

“எண்ணெ போட்டியா?”

“போட்டேன்.”

“வெரலு சந்துல?”

“அங்கயும்தான்.”

“துண்ணியா?” என்பது அதற்குப் பிறகு வரும். சில நாட்களில் வராது. எண்ணெய்க் கேள்வி மட்டும் தவறியதேயில்லை. அதனால் அந்த வாசனை அவளுக்குக் கிட்டத்தட்ட அவனுடைய வாசனையாகிவிட்டிருந்தது. கையைக் கழுவாமல் படுத்துக்கொள்வாள்.

மறுநாள் விடியும்போது மழை விட்டிருந்தது. பக்கத்து இரும்பு ரோலிங் மில்லின் கரி கலந்து, முற்றத்துத் தண்ணீரில் கறுப்புக் கோலங்கள் சுழன்றன. ஸ்நேகா வாசற்படியிலிருந்து உள்நோக்கி ஈரல் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தாள். ரூபி முதல் துண்டுக்காக ஒரு காலை வைத்தது. இரண்டாவதற்காக இன்னொன்றை. மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே நின்று, உடம்பெல்லாம் நடுங்க, பின்பக்கமாகவே வெளியேறியது.

அப்போது கிழக்கே மேகம் கொஞ்சம் விலகி, வெயில் கதவு வழியாகத் தரையோடு தரையாக உள்ளே நீண்டது. டைல்ஸில் பூப்போல சில தடங்கள் தெரிந்தன. ஒரு பெரிய இதழ், நான்கு சின்ன இதழ்கள். மழைத் தண்ணீர் என்று நினைத்துத் துணியை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. பரவியது. விரலால் தொட்டுப் பார்த்தாள். முகர்ந்தாள்.

தேங்காயெண்ணெய்.

“இன்னாடி குந்திக்கினு தரைய மோந்து பாக்கற? நாய்க்கு பதிலா நீ வேலைக்கி போறியா?” என்றபடி விக்டோரியா காபித் தம்ளருடன் சாக்கின் மேல் நடந்து வந்தாள்.

“அத்தே, இங்க வாயேன். உன் வெரலால இத தொடு.”

விக்டோரியா குனிந்து தொட்டாள். இரண்டு விரல்களையும் தேய்த்துப் பார்த்தாள். எண்ணெய் என்று அவளுக்கும் புரிந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்தாள். விரல்களைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“தெனம் தேச்சித் தேச்சி ஊற வெச்சிருக்கேன் அத்தே. அப்பால அவளப் போயி கண்ணாடி மேல நில்லுன்னா எப்டி நிப்பா?”

“தார் ரோட்டுல நல்லதுதான அது. எம்புள்ள தெரியாமயா சொன்னான்?”

“ரோட்டுல நல்லதுதான்.”

அன்று நாள் முழுக்க ஸ்நேகா ரூபியின் கால்களோடு இருந்தாள். சீயக்காய் குழைத்து ஒவ்வொரு பாதத்தையும் தேய்த்துக் கழுவினாள். விரல்களுக்கு நடுவே வளர்ந்திருந்த முடியைச் சின்னக் கத்தரிக்கோலால் மெத்தைகளின் மட்டத்துக்கு வெட்டினாள். நகம் வளர்ந்திருந்தால் மெத்தை தரையில் பதியாது, நகம்தான் முதலில் படும், சறுக்கும். அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினாள். ரூபி அலுத்துப்போய் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது.

சாயங்காலம்தான் கஷ்டமாக இருந்தது. எண்ணெய் தேய்க்கும் நேரம் வந்ததும் ரூபி தானாகவே வந்து வலது முன்னங்காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தது.

“இன்னிக்கி இல்லடி.”

அது காலை எடுத்துவிட்டு இடது காலை வைத்தது. தவறான காலைக் கொடுத்துவிட்டோம்போல என்று நினைத்ததோ என்னவோ.

“இல்லடி கண்ணு. இனிமே கெடையாது.”

ரூபி வெகுநேரம் காலை எடுக்கவில்லை. ஸ்நேகா அந்தக் காலைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ந்து, லேசாகச் சொரசொரப்பாக இருந்தது. உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த விக்டோரியா, குடையை எடுத்துக்கொண்டு எங்கோ கிளம்பிப் போனாள்.

பென்னி கூப்பிட்டபோது மழை மறுபடியும் பிடித்திருந்தது.

“எண்ணெ போட்டியா?”

“இல்ல.”

“ஏன், தீந்துபோச்சா?”

அவள் சொன்னாள். வெயில் விழுந்ததை, தடங்களை, முகர்ந்து பார்த்ததை.

“அப்போ நான்தான் இங்கருந்து அவள வழுக்க வெச்சிக்கினு இருந்தேனா?” என்று சிரித்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

“நீ ரோட்டுக்கு சொன்ன. நான்தான் தரைய யோசிக்கல.”

“ம்.”

“வேற இன்னா?”

“வேற... ஒண்ணியும் இல்ல. அம்மா எங்க?”

“எங்கயோ வெளிய போச்சு.”

“சரி. துண்ணிட்டு படு.”

அன்றுமுதல் அவனுடைய அழைப்புகள் சிறுத்தன. கேட்பதற்கு அவனுக்கு ஒரு கேள்வி இருந்தது, அதை அவள் எடுத்துவிட்டாள். அதன் இடத்தில் வைக்க வேறொன்றை அவன் தேடுவது போனிலேயே தெரிந்தது. “மழையா?” என்பான். “மழைதான்” என்பாள்.

விக்டோரியா நனைந்துபோய்த் திரும்பியபோது தோளில் ஒரு ரப்பர் சுருள் இருந்தது. பெரிய ரோட்டோரக் காயலாங்கடையில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த பழைய கன்வேயர் பெல்ட் துண்டு. பாக்டரியில் சரக்கு ஓடும் பெல்ட். பரத்திப் போட்டபோது பாய் அளவு இருந்தது.

“ஷேர் ஆட்டோல ஒருத்தனும் பக்கத்துல குந்தல. பொணத்த எட்த்துக்கினு போறா மாதிரி பாக்கறானுங்க.”

“இது இன்னாத்துக்கு அத்தே?”

“எனக்கு சாக்கு இருந்தா நா நடக்கல? அதுக்கு இது. மொதல்ல உள்ள வரட்டும். அப்பால பாத்துக்கலாம்.” தலையைத் துவட்டிக்கொண்டே சேர்த்துக்கொண்டாள்: “நாயி மேல பாசம்னு நெனச்சிக்காத. எம்புள்ள வந்து எங்க என் நாயின்னு கேட்டா நா இன்னா சொல்றது?”

பெல்ட்டைக் கூடத்தின் நடுவில் போட்டார்கள். ரூபி அதன் மேல் ஏறிநின்று, சுற்றிலும் பளபளத்த தரையைத் தீவில் நிற்பவளைப் போலப் பார்த்தது. “சிட்” என்றாள் ஸ்நேகா. உட்கார்ந்தது. “ஸ்டே.” இருந்தது. ஈரல். பின்னங்கால்கள் விரிந்து ஒருபக்கமாகச் சாயும்போதெல்லாம் எழுப்பி, முழங்கால்களை உள்ளே சேர்த்து, நிமிர்ந்து உட்காரப் பழக்கினாள். அப்படி உட்கார்ந்தால்தான் பாரம் பாதத்தில் நேராக இறங்கும். சரியாக உட்கார்ந்தால் மட்டும்தான் ஈரல்.

மறுநாள் பெல்ட்டின் ஓரத்தை அரிவாள்மனையில் வைத்து வெட்டிக் குறைத்தார்கள். ரூபி கவனிக்கவில்லை. அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். பாயாக இருந்தது முறமானது. முறம் தட்டானது. தட்டளவுக்கு வந்தபோது முன்னங்கால்கள் ரப்பரிலும் பின்னங்கால்கள் டைல்ஸிலும் இருந்தன. ரூபி திரும்பிப் பின்னால் பார்த்தது. ஸ்நேகா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ரூபி முன்னே திரும்பி ஈரல் கிண்ணத்தைப் பார்த்தது.

“ஒக்காந்துகீது!” என்று விக்டோரியா கத்தினாள். ரூபி எழுந்துவிட்டது.

“அத்தே!”

“சரி சரி, கத்தல.”

“இல்ல, நல்லா கத்து. கோடவுன்ல இன்னா அமைதியாவா இருக்கும்? ஆளு, வண்டி எல்லாம் போவும். நீ கத்து, பாத்திரத்த போடு, சுத்திச் சுத்தி நட.”

“நெஜமாலுமா?”

அதற்காகவே காத்திருந்தவளைப்போல விக்டோரியா இறங்கினாள். தகரப் பெட்டியை இழுத்தாள், குடத்தை உருட்டினாள். கோயில் பெண்கள் கூட்டத்தில் பாடும் கிறிஸ்துமஸ் பாட்டை ராகமில்லாமல் பாடிக்கொண்டு ரூபியைச் சுற்றிவந்தாள். “இன்னா மொறைக்கிற? நா பாடறது நல்லாலியா? பாஸ்டரே ஒண்ணியும் சொல்ல மாட்டாரு, நீ யாருடி?” ரூபியின் காதுகள் மட்டும் திரும்பின. உடம்பு அசையவில்லை. ஸ்நேகா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தாள். பென்னி போன பிறகு இந்தக் கூடத்தில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அவனும் இருந்திருந்தால் பெட்டியின் மறுமுனையை அவன்தான் இழுத்திருப்பான் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரப்பர் ஒரு உள்ளங்கை அளவில் இருந்தது. ஸ்நேகா அதையும் எடுத்துவிட்டு ரூபியைக் கூப்பிட்டாள். ரூபி வாசற்படியில் நின்றது. ஒரு காலை நீட்டி, விரல்களை அகல விரித்து, மெதுவாக வைத்தது. பிறகு அடுத்தது. கூடத்தின் நட்டநடுவுக்கு வந்து, முன்பு சிமெண்ட் தரையில் அது படுக்கும் அதே இடத்தில், உட்கார்ந்தது.

விக்டோரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பூண்டு காரம்” என்றாள். அன்று வீட்டில் பூண்டே உரிக்கவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே இருட்டிக்கொண்டு பெய்தது. கோடவுனின் ஷட்டர்கள் பாதி திறந்திருந்தன. லாரியிலிருந்து பெட்டி இறக்கும் போர்க்லிப்ட் வண்டிகள் டயரில் மழைநீரோடு உள்ளே வந்து, சாம்பல் தரையில் ஈரக் கோடுகள் இழுத்துப் போயின. சேஃப்டி ஆபீசர் உயரமான வடக்கத்தி ஆள். வெள்ளை ஹெல்மெட். ஸ்நேகாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிக் கைகாட்டினார்.

குணா கிசுகிசுத்தான். “டின்ன எந்தப் பெட்டில வெச்சாருன்னு எனக்கே தெரியாது. கயித்த அவுத்து வுட்டப்பறம் நீ வாயே தொறக்கக் கூடாது. பேர் சொல்லிக் கூப்டாக் கூட பெயிலு.”

“தெரியும் சார்.”

“இன்னா மேடம், கயித்த இவ்ளோ இறுக்கமா புடிச்சிக்கினு கீற?”

“குளுரு சார்.”

“எனக்கு வேர்க்குது” என்றான் குணா.

கயிற்றைக் கழற்றினாள். ரூபி போனது. பெட்டிகளின் வரிசையோரம் மூக்கைத் தாழ்த்தி, அவசரமில்லாமல், ஒவ்வொரு காலையும் தரையைக் கேட்டுக் கேட்டு வைப்பதைப்போல. ஒரு பெட்டியைத் தாண்டி, நின்று, திரும்பி வந்தது. அதன் வால் விறைத்தது. உட்கார்ந்தது.

ஆபீசர் அதை நோக்கி நடக்கத் தொடங்கினார். அப்போது அவருடைய போன் அடித்தது. நின்று எடுத்தார். இந்தியில் பேசத் தொடங்கினார். ஏதோ லாரி, ஏதோ தாமதம். பேசிக்கொண்டே ஷட்டர் வரை போனார். வெளியே மழையைப் பார்த்தார்.

ரூபி இருந்த இடத்துக்குக் கீழே ஈரம் வந்துகொண்டிருந்தது. சற்றுமுன் போன வண்டியின் டயர் கோட்டிலிருந்து தண்ணீர் மெல்லப் பரவி அதன் வலது பின்னங்காலைத் தொட்டது. கால் நகரத் தொடங்கியது. ஒரு விரல் அளவு. இன்னும் கொஞ்சம். ஸ்நேகாவின் வாய்க்குள் அதன் பெயர் வந்து நின்றது. பற்களைக் கடித்துக்கொண்டாள். ரூபி அவளைப் பார்த்தது. அவள் ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டாள், ஏதோ அதற்குத் தெரியும் என்பதைப்போல. ரூபி நகர்ந்த காலை மெதுவாக உள்ளே இழுத்தது. விரல்கள் விரிந்தன. முதுகு நிமிர்ந்தது. போர்க்லிப்ட் ஒன்று பின்னோக்கி வரும் அலாரத்தோடு அதன் பின்னாலேயே கடந்தது. காதுகள் மட்டும் திரும்பின.

ஆபீசர் போனை முடித்தார். யாரிடமோ தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு ஞாபகம் வந்தவரைப்போல ரூபியிடம் போய், அதன் முன்னாலிருந்த பெட்டியைத் திறந்து, டின்னை எடுத்து உயர்த்திக் காட்டினார். “குட் டாக்” என்றார்.

குணா அவளுடைய முதுகில் தட்டப்போய், பெண் என்பது ஞாபகம் வந்து, தன் தொடையிலேயே தட்டிக்கொண்டான். “பாஸு! திங்கக்கெழமலருந்து டூட்டி. லோகுவோ கீகுவோ, வர வேணாம்னு சொல்லிடு.”

கோடவுனுக்கு வெளியே தகர ஷெட்டில் ரூபியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, முதலில் மாமியாருக்குத்தான் போன் செய்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களின் இரைச்சலுக்கு நடுவே விக்டோரியா யாரிடமோ “எங்க ஊட்டு நாயி பாஸாயிடுச்சி!” என்று கத்துவது கேட்டது. “அவனாண்ட சொல்லு. ஒடனே சொல்லு” என்றாள். “டிசம்பர்ல வந்து அவனே கயித்த புடிக்கட்டும்.”

பென்னி உடனே எடுத்தான். வீடியோ இல்லை, குரல் மட்டும். பின்னால் ஏசியின் இரைச்சலும் ஒரு நாயின் குரைப்பும்.

“இன்னாச்சி?”

“ஒக்காந்தா.”

“எவ்ளோ நேரம்?”

“அந்தாளு போன் பேசி, மழைய வேடிக்க பாத்து, தண்ணி குடிச்சிட்டு வர வரைக்கும்.”

“ஏய்!” என்று அவன் கத்தினான். பக்கத்தில் யாரிடமோ மலையாளமும் இந்தியும் கலந்து எதையோ சொன்னான். ரூபி என்ற பெயர் மட்டும் புரிந்தது. போனிலிருந்து வந்த அந்தக் குரலுக்கு ரூபி தலையைச் சாய்த்தது. பிறகு எழுந்து ஷெட்டைச் சுற்றிப் போய், அடுக்கியிருந்த மரப் பலகைகளுக்குப் பின்னால் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

“உன் கொரல கேட்டு தேடறா” என்றாள்.

“அவள வுடு. நீ சொல்லு. நா அங்க இல்லாமயே எல்லாத்தையும் முடிச்சிட்டியேடி. நா இருந்தாக்கூட இந்தளவுக்கு பண்ணிருக்க மாட்டேன்.”

“அத்தயும்தான்.”

“அம்மாவா? நாய்க்கா?” அவன் சிரித்தான். இந்த முறை சரியாக வந்தது. அவள் அந்தச் சிரிப்பைக் கண்மூடிக் கேட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டில் கேட்ட சிரிப்பு. அது முடிந்ததும் அவன் நீளமாக மூச்சுவிட்டான்.

“இப்பதான் ஸ்நேகா எனக்கு நிம்மதி. உன்னாண்ட எப்டி சொல்றதுன்னு பேஜாரா இருந்திச்சி. இங்க புதுசா பேப்பர் குட்த்துகீறாங்க. இன்னும் ரெண்டு வருசத்துக்கு. சம்பளமும் ஏத்தறாங்க. நீ தனியா கஷ்டப்படுவியே, ரூபிய இன்னா பண்றதுன்னுதான் யோசன. அதான் லோகுவாண்ட பேசனேன். இப்பதான் நீ சமாளிச்சிப்பன்னு தெரிஞ்சிடுச்சே. நாளைக்கி காலைல கையெழுத்து போட்டு குட்த்துடறேன்.”

மழை தகரத்தில் அடித்தது. லாரி ஒன்று சேற்றை வாரி இறைத்துக்கொண்டு கேட்டுக்குள் திரும்பியது. மதிலுக்கு அப்பால் வயலில் தண்ணீர் வானத்தின் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

“கிறிஸ்மஸ்?” என்றாள்.

“லீவு கேட்டுப் பாக்கறேன். குடுக்கறது கஷ்டம். அடுத்த வருசம் மாடி எடுத்துடலாம்டி. மேலயும் இதே டைல்ஸ் போட்டுக்கலாம். ஸ்நேகா? கேக்குதா?”

“கேக்குது.”

“அப்பறம் இன்னா, சொல்லு.”

ரூபி வந்து அவள் காலோரம், ஈரச் சிமெண்டில், யாரும் சொல்லாமலே நிமிர்ந்து உட்கார்ந்தது. அதன் தலையில் கையை வைத்துக்கொண்டாள். இரண்டு வருடத்தில் அவள் அவனிடம் தனக்கென்று எதுவும் வேண்டுமெனக் கேட்டதில்லை. கேட்கும்போது எந்தக் குரலில் கேட்பது என்றுகூட அவளுக்கு மறந்திருந்தது. அந்தப் பக்கம் யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் அவசரப்படுவதற்கு முன்னால் போனை வாயருகே கொண்டுபோனாள்.

“அந்தப் பேப்பர்ல கையெழுத்து போடாத பென்னி. வந்துடு.”